நூறு வெள்ளோட்டம்

லிப்ட் பழுதுபார்க்கும் அந்த மனிதரை வட்டாரத்துக் கட்டடக் காவலாளிகள் நூறுக்காரர் என்பார்கள். வேலை முடிந்த லிப்டில் அவர் உடனே ஆளை ஏற்ற மாட்டார். காலியாகவே மேலும் கீழும் நூறு தடவை ஓட்டிப் பார்ப்பார். நூறும் ஒழுங்காக ஓடினால்தான் கதவில் மாட்டிய ‘பழுது’ அட்டையைக் கழற்றுவார். நடுவில் ஒரே ஒரு திருகாணியை மாற்ற நேர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை, மறுபடி ஒன்றிலிருந்து. கையில் காய்கறிப் பையோடு ஐந்து மாடி ஏறுகிறவர்கள் அவர் காதுபடவே முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். தொண்ணூற்றொன்பதில் ஏறினால் செத்தா போய்விடுவோம் என்று ஒருவர் கேட்டதற்கு, “அது எனக்குத் தெரியாதுங்க. நூறுக்குத்தான் நான் பொறுப்பு” என்றார். அந்தப் பதிலைக் காவலாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிப் பல மாதம் சிரித்தார்கள்.

அந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை மனைவியிடமும் அக்காவிடமும் மட்டுமே சொல்லியிருந்தார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஓர் அலுவலகக் கட்டடத்தில், நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரி என்று ஆளை ஏற்றினார். ஐந்தாவது ஓட்டத்தில் லிப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெரியவர். நாற்பது நிமிடம் கழித்துக் கதவை நெம்பித் திறந்தபோது, அவர் கைப்பையை இடுப்புக்கு முன்னால் அணைத்துப் பிடித்தபடி வெளியே வந்தார். யாரையும் திட்டவில்லை. யார் முகத்தையும் பார்க்கவுமில்லை. லிப்டின் தரை ஈரமாக இருந்தது. அதைத் துடைத்தது நூறுக்காரர்தான். துடைத்துவிட்டு எழுந்தபோது நூறு என்ற எண் அவர் மனத்தில் உட்கார்ந்துவிட்டது.

அக்கா அவரைவிட நாலு வயது மூத்தவள். பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். மெழுகில் வரிசை பிடித்து, ஈறுக்கு நிறம் கொடுத்து, யாருடைய வாயிலோ போய் உட்காரப்போகிற சிரிப்பைச் செய்துகொடுக்கிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கிட்டத்தட்ட அதே வேலைதான். பெட்டியில் துண்டுதுண்டாக வருகிற பிளாஸ்டிக் டாங்கிகளை ஒட்டி, வண்ணம் பூசி, அலமாரியில் வரிசையாக வைப்பாள். சக்கரத்தில் சேறு, புகைபோக்கியில் துரு, எல்லாம் தூரிகையால் வந்தவை. பதினேழு டாங்கிகள். பொம்பளைக்கு எதற்குச் சண்டை வண்டி என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. “பல்லு பொய்யாத்தான் இருக்கும், ஆனா நிஜம்னு ஊரே நம்பணும். இதுல அந்த அவஸ்தை கிடையாது” என்பாள். கல்யாணப் பேச்சையும் அவள் இப்படி ஒற்றை வரியில்தான் முடித்துவைத்தாள்.

நோய் இடது கையில் தொடங்கியது. மெழுகு செதுக்கும் கத்தி ஒரே வாரத்தில் மூன்று முறை நழுவி விழுந்தது. அப்புறம் செருப்புக்குள் போக மறுத்த கால். மூளை சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன, எது எப்போது போகும் என்று சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். கண்ணுக்கும் காதுக்கும் அறிவுக்கும் ஒன்றும் ஆகாது என்பதை அவர் நல்ல செய்தி போலச் சொன்னார். ஒன்றரை வருடத்தில் அக்கா தம்பி வீட்டின் கடைசி அறைக்கு வந்து கட்டிலோடு கட்டிலாகிவிட்டாள். கூடவே அலமாரியும் பதினேழு டாங்கிகளும் வந்தன. அவள் உடம்பில் அவள் சொன்னபடி கேட்க மிச்சமிருந்தவை முகம், வாய், வலது கையின் கட்டைவிரல்.

ஒருநாள் அவர் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா கூப்பிட்டு நிறுத்தினாள்.

“தண்ணி குடிக்கணும்னா உன் பொண்டாட்டி. மூக்கு அரிச்சா உன் பொண்டாட்டி. புரண்டு படுக்கணும்னா நீங்க ரெண்டு பேரும். யாரையும் கேக்காம நானே செய்யற வேலை ஒண்ணு வேணும்டா. ஒண்ணே ஒண்ணு.”

“என்னக்கா செய்யணும்?”

அவள் கண் அலமாரிக்குப் போனது. மேல்தட்டில் இருந்த, முழங்கை நீளமுள்ள பெரிய டாங்கி. “அதை ஓட வை. ரிமோட்டுல. கட்டைவிரல் இன்னும் இருக்கு. இங்கேருந்து சமையல்கட்டு வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போய் இவ கால்ல ஒரு இடி இடிச்சுட்டு வரணும்.”

வாசலில் தம்ளரோடு நின்ற அவர் மனைவி, “நான் என்ன பண்ணினேன் அண்ணி?” என்றாள்.

“ரெண்டு மாசமா உப்பு கம்மி.”

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்கா சொன்னாள்: “இந்த விரல் எத்தனை நாளைக்குன்னு தெரியாது. சீக்கிரம் பண்ணு.”

அவர் மறுநாளே ஆரம்பித்தார். அதில் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய பொம்மை வண்டிகளைப் பிரித்து விற்கிற கடைக்குப் போய், பல்சக்கரப் பெட்டியோடு இரண்டு குட்டி மோட்டார், ஒரு ரிமோட், அது சொல்வதைக் கேட்கிற தகடு, பேட்டரி எல்லாம் வாங்கிவந்தார். டாங்கியின் சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற பட்டை பக்கத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். ஒன்று நின்று மற்றது ஓடினால் வண்டி திரும்பும். இரண்டையும் ரிமோட்டின் ஒரே குச்சிக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரு கட்டைவிரல் போதும். இதுவரை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கஷ்டம் வேறிடத்தில் இருந்தது. அக்கா அந்த டாங்கியை ஓடுவதற்காகச் செய்யவில்லை, நிற்பதற்காகச் செய்திருந்தாள். சக்கரங்கள் அச்சோடு ஒட்டியிருந்தன. நூற்றுச் சொச்சம் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, இரும்பின் கனத்தில் தொய்கிற மாதிரி லேசாகத் தொய்யவிட்டுப் பட்டையைக் காயவைத்திருந்தாள். பிளாஸ்டிக்குக்குப் போடுகிற அந்தப் பசை சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அப்புறம் பிரிக்க வராது, அறுக்கத்தான் வேண்டும். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பலகை போட்டு, நகவெட்டி அளவு ரம்பத்தோடு உட்கார்ந்தார். மேற்பார்வை கட்டிலிலிருந்து வந்தது. இணைப்பில் வெட்டாதே, பக்கத்தில் வெட்டு. அழுத்தாதே, இழு. “பல்லு புடுங்கற ஆளு மாதிரி முகத்தை வெச்சுக்காதடா, எனக்கே வலிக்குது.”

மேல்மூடியை அறுத்துத் தூக்கியபோது அவர் கை அப்படியே நின்றது. உள்ளே ஒரு முழு அறை இருந்தது. ஓட்டுகிறவனின் இருக்கை, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த தோலின் நிறம். கடுகளவு மீட்டர் வட்டங்களில் மயிரிழை முட்கள். சுவரில் மாட்டிய ஒரு தண்ணீர்க் குடுவை. குடுவையின் கழுத்தில் ஒரு வார். மூடி ஒட்டிய நாளோடு எவர் கண்ணிலும் படாமல் போனவை. மோட்டாரும் பேட்டரியும் உட்கார வேண்டுமென்றால் அத்தனையையும் பெயர்க்க வேண்டும்.

“மூடப்போறதுக்கா இவ்வளவு பண்ணின?”

“பல் செட்டோட உள்பக்கத்தை யார் பாக்கறா? நாக்குக்குத் தெரியுமில்ல” என்றாள் அக்கா. பிறகு, “எடுத்துப் போடு. உடைஞ்சா உடையட்டும். எனக்கு இப்ப ஓடறதுதான் வேணும்” என்றாள்.

அவருக்கு உடைக்க மனம் வரவில்லை. இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாக, ஒரு முள்கூட ஒடியாமல், எல்லாவற்றையும் கழற்றிப் பஞ்சு வைத்த டப்பாவில் அடுக்கினார். அதற்கு நாலு சாயங்காலம் ஆனது. மூன்றாம் நாளிலிருந்து அக்கா மேற்பார்வை பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

ஐந்தாவது வாரம் வண்டி தயார். பிளாஸ்டிக் பட்டை போய் ரப்பர் பட்டை வந்தது. மூடியை ஒட்டாமல் நாலு திருகாணியில் மாட்டினார். முதல் தடவை ரிமோட்டின் குச்சியைத் தள்ளியபோது வண்டி கூடத்தை நோக்கி, பழைய லிப்ட் கிளம்புகிற நிதானத்தோடு, நடைவழியில் நகர்ந்தது. மனைவி கைதட்டினாள். அறைக்குள்ளிருந்து, “ஓடுதா? கொண்டா இங்க” என்ற குரல் வந்தது.

“இரு அக்கா. ஓட்டிப் பாத்துட்டுத் தரேன்.”

அக்கா அறை வாசலிலிருந்து சமையல்கட்டு வாசல் வரை போய்த் திரும்பினால் ஓர் ஓட்டம். பேட்டரி ஒரு சாயங்காலத்துக்குப் பதினைந்து ஓட்டம் தாங்கியது. அறைக்கதவை அவர் முக்கால்வாசி சாத்தி வைத்தார். சரிபார்த்து முடியாத எதையும் ஏறப்போகிறவர் பார்க்கக்கூடாது என்பது அவர் தொழிலில் வைத்திருந்த இன்னொரு விதி.

தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அக்காவின் கைக்குக் கீழே தன் உள்ளங்கையை வைப்பார். அவள் கட்டைவிரலால் அழுத்துவாள். எவ்வளவு பலம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். குச்சியிலிருந்து விரலை எடுத்தால் அது தானாக நடுவுக்கு வர வேண்டும், வண்டி நிற்க வேண்டும். அதற்குள்ளே ஒரு ஸ்பிரிங் உண்டு. விரல் அந்த ஸ்பிரிங்கை ஜெயிக்க வேண்டும். நாற்பத்தோராவது ஓட்டம் முடிந்த மறுநாள் காலை, உள்ளங்கையில் விழுந்த அழுத்தம் முந்தின வாரத்தின் பாதிதான் இருந்தது. அவர் ரிமோட்டைத் திறந்து, லிப்டில் கழித்துப்போட்ட பழைய ரிலே சுவிட்ச் ஒன்றிலிருந்து எடுத்த இளகிய ஸ்பிரிங்கை மாற்றினார். பாகம் மாறிவிட்டது. அன்று சாயங்காலம் ஒன்றிலிருந்து தொடங்கினார்.

மனைவிக்கு இது பொறுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்: “கொடுத்துடுங்க. நடுவுல நின்னா நிக்கட்டுமே. அது என்ன ஆளையா ஏத்துது?”

“ஆளைத்தான் ஏத்துது” என்றார் அவர்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் பிடிவாதம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். பயம்தான் இருந்தது. அடுத்த துணியை எடுத்தாள்.

இரண்டாம் சுற்று எழுபத்திரண்டு வரை போனது. அதற்குள் இளகிய ஸ்பிரிங்கும் விரலுக்குக் கனமாகிவிட்டது. மயிரிழைக் கம்பியை ஊசியின்மேல் சுற்றித் தானே ஒரு ஸ்பிரிங் செய்தார். ஊதினால் ஆடுகிற ஸ்பிரிங். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. நடுவே இரண்டு கட்டடங்களில் அவசர அழைப்பு வந்து மூன்று சாயங்காலம் போனது. அந்தக் கடைசி வாரம் காலையில் உள்ளங்கையில் பட்டது அக்காவின் விரலா, தன் நாடித் துடிப்பா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. விரல்தான் என்று வைத்துக்கொண்டார். வாழ்நாளில் எதையும் அப்படி வைத்துக்கொண்டு போகாதவர்.

சனிக்கிழமை சாயங்காலம் நூறு முடிந்தது. அக்கா தூங்கியிருந்தாள். ஞாயிறு காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, வண்டியை அவள் பார்வைக்கு நேராக வாசலில் நிறுத்தினார். மனைவி அக்காவை மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தினாள். ரிமோட்டை மடியில் வைத்து, கையைத் தூக்கி அதன்மேல் அமர்த்தி, கட்டைவிரலைக் குச்சியின் தலையில் பொருத்தினார்கள். பிறகு அவள் எதிர்பார்த்த இடியை வாங்கிக்கொள்ள மனைவி சமையல்கட்டுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

அக்கா வண்டியைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. உதட்டைக் கடித்தாள். ஒரு ஆள் பீரோவைத் தள்ளுகிற முகம். விரல் குச்சியின்மேல் இருந்தது. இருந்ததே தவிர அசையவில்லை.

“இன்னொரு தடவை” என்றார் அவர்.

அவள் இன்னொரு தடவை முயன்றாள். அதற்குப் பிறகும் மூன்று தடவை. சமையல்கட்டிலிருந்து, “அண்ணி, கிளம்பியாச்சா?” என்று கேட்டது. அவர் குனிந்து, தன் விரலை அவள் விரலுக்குப் பின்னால் கொடுத்து லேசாகத் தள்ளினார். வண்டி உறுமிக்கொண்டு ஒரு சாண் தூரம் நகர்ந்தது.

“எடு கையை” என்றாள் அக்கா. “அது நீ.”

அவர் எடுத்தார். வண்டி நின்றது.

அவள் கண்ணை வண்டியிலிருந்து எடுத்து அவர்மேல் வைத்தாள். குரலில் கோபமில்லை. “முதல் தடவை நாப்பத்தொண்ணுல நிறுத்தின. ரெண்டாவது எழுபத்திரண்டு. மூணாவதுல அம்பத்தெட்டோ என்னவோ, இடதுபக்கப் பட்டை லேசா வழுக்குச்சு, நீ கவனிக்கல. கதவைச் சாத்திட்டா காது கேக்காதா? நானும் கூடவே எண்ணிட்டுத்தான்டா இருந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “இருநூத்துப் பதிமூணு. அதுல ஒண்ணுல என்னை ஏத்தியிருக்கலாம்.”

அவர் தரையில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை முதுகில் நனைந்திருந்தது. சொல்வதற்கு அவரிடம் இருந்ததெல்லாம் அந்தப் பெரியவர் கைப்பையை அணைத்துக்கொண்டு வெளியே வந்த கதைதான். அது அக்காவுக்கு ஏற்கெனவே தெரியும்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனார். ஏழு மாடிக் கட்டடம், கதவு உருளை மாற்றும் வேலை. மாற்றிவிட்டு, காலி லிப்டை அனுப்பி எண்ண ஆரம்பித்தார். முப்பத்தாறா முப்பத்தேழா என்று தடுமாறியது. இருபது வருடத்தில் அவருக்கு அப்படி நேர்ந்ததில்லை. பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, “முப்பத்தேழுன்னே வெச்சுக்குங்க சார், யாரு கேக்கப்போறா?” என்றார். அவர் ஒன்றிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை பத்தொன்பதோடு தவறியது. சாயங்காலம் வரை நாலு முறை தொடங்கி நாலு முறையும் தவறவிட்டு, ‘பழுது’ அட்டையைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மோட்டார் சத்தம் கேட்டது. அக்காவின் அறைக்கதவு விரியத் திறந்திருந்தது. கட்டிலோரம் ரிமோட்டும் கையுமாக மனைவி. அக்கா கண்ணை உருட்டி ஆணையிட்டுக்கொண்டிருந்தாள். வண்டி அலமாரிக் காலில் முட்டிக்கொண்டு இடத்திலேயே சுழன்றது.

“டேய், வந்து வாங்கு. உப்பு மட்டும்தான் போடத் தெரியலன்னு நினைச்சேன். இவளுக்கு இடது வலதே தெரியல” என்றாள் அக்கா. சொற்கள் ஒன்றோடொன்று கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தன. நேற்று அப்படி இல்லை. மனைவியும் அதைக் கவனித்திருந்தாள் என்பது அவள் ரிமோட்டை நீட்டிய வேகத்தில் தெரிந்தது.

அவர் வெளிச்சட்டையைக்கூடக் கழற்றாமல் வாங்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தார். “எங்கக்கா?”

“சமையல்கட்டு.”

அவள் சொல்லச் சொல்லத் தள்ளினார். நேரே. கொஞ்சம் இடது. நில். போ. அறை வாசலின் நிலையில் உரசியபோது இடதுபக்கப் பட்டை சக்கரத்திலிருந்து கழன்று, வண்டிக்குப் பின்னால் நாக்கு மாதிரி நீண்டு கிடந்தது. அவர் கை தானாகக் கருவிப்பைக்குப் போனது.

“எங்க போற?” என்றாள் அக்கா. “அப்படியே ஓட்டு.”

அவர் பையை விட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். அக்கா வலது என்றாள். அவர் குச்சியை வலது ஓரமாக முன்னே தள்ளினார். ஒற்றைப் பட்டையோடு வண்டி இடது பக்கமாகவே வட்டம் போட்டது. மறுபடி வலது என்றாள், குழறலாக. மறுபடி தள்ளினார். வண்டி நடைவழியில் தரையைக் கீறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அவள் போதும் என்று சொல்கிறவரைக்கும் அவர் குச்சியிலிருந்து விரலை எடுக்கவில்லை. எத்தனை சுற்று என்று எண்ணவுமில்லை.